நாலாவது பல் காயும்வரை

வாயைத் திற என்றதும் திறந்துவிடுகிற பிள்ளைகளைக் கண்டால் போதுமணிக்கு வயிறு எரியும். இந்தப் பிள்ளையும் திறந்துவிட்டது. சேரில் மல்லாந்து படுத்து, பூப்போட்ட சாக்ஸுக் காலை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, தலைக்கு மேல் எரிகிற விளக்கைக் கண் கூசாமல் பார்த்துக்கொண்டு, ஆ. அவ்வளவு சுலபம். எண்ணெய் போட்ட கதவு மாதிரி தொட்டதும் திறக்கிற தாடை. மிருதுளா, வயது ஏழு, பல் டாக்டர் கிருபாகரனின் ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, வேறு நோயாளி கிடையாது, வாசல் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, டாக்டரின் மனைவி சுபத்ரா சுவரோரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முளைத்து வருஷம் ஆகாத நாலு கடைவாய்ப்பல், மேலே ரெண்டு கீழே ரெண்டு. அதன் தலையில் இருக்கிற பள்ளங்களில் சோறும் சாக்லேட்டும் போய் உட்கார்ந்து பூச்சி விழாமல் இருக்க, பால் மாதிரி ஒரு மருந்தை விட்டு, நீல வெளிச்சம் காட்டி இறுக்கி அடைக்கிற வேலை. சீலன்ட் என்பார்கள். வலி இல்லை, ஊசி இல்லை, ரத்தம் இல்லை. இதில் இருக்கிற கஷ்டம் ஒன்றே ஒன்று, அது போதுமணியின் கையில் இருக்கிறது. பல் காய்ந்திருக்க வேண்டும். எச்சில் ஒரு சொட்டுப் பட்டாலும் மருந்து பல்லைப் பிடிக்காது. பிடித்த மாதிரி இருக்கும், பளபளவென்று இருக்கும், ஆறு மாசத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும், அதற்கடியில் அழுக்குப் புகுந்து, மூடி போட்ட சட்டிக்குள் சோறு ஊசிப்போகிற மாதிரி யாருக்கும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் என்றுதான் டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லிவிட்டான். "நம்ம மணி பக்கத்துல நின்னா எச்சி எட்டிக்கூடப் பாக்காது," என்று மனைவியிடம் சொன்னான், புதுசாக வாங்கிய மிஷினைக் காட்டுகிறவன் மாதிரி. நிக்கிறேன்டா, இன்னைக்கு எப்படி நிக்கிறேன்னு பாரு, என்று அவள் மாஸ்க்குக்குள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் பல் மேல் வலது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பஞ்சுச் சுருளைச் செருகினாள். மேல்பல்லுக்கு நேர் எதிரே கன்னத்தில் ஒரு ஊற்று இருக்கிறது, அதை அடைக்க வேண்டும். நாக்குக்கு அடியில் ரெண்டு ஊற்று, அங்கே உறிஞ்சுகிற குழாயின் மூக்கை வைக்க வேண்டும். ஊற்றுக்கண் தெரிந்தவளுக்கு வாயும் கிணறும் ஒன்றுதான், எங்கே இறைக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். டாக்டர் பல்லைத் துலக்கிவிட்டு நீல ஜெல்லை அதன் தலையில் வைத்தான், இருபது எண்ணினான், தண்ணீர் அடித்துக் கழுவினான். குழாய் கொர்ரென்று உறிஞ்சியது. நனைந்த பஞ்சை எடுத்துவிட்டுக் காய்ந்த பஞ்சை வைக்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதில்தான் எல்லாம். அந்த நொடிக்காகத்தான் நாக்கு காத்துக்கொண்டிருக்கும், பொந்துக்குள் எலி காத்திருக்கிற மாதிரி. அவள் விடவில்லை. ஒரு கை எடுக்கும்போதே மறு கை வைத்தது. டாக்டர் காற்றடித்தான். பல் வெளுத்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மினுக்கம் செத்து வெளுத்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இவன் இல்லை. மதுரையிலிருந்து வாரம் ஒரு நாள் வந்துபோன சின்ன லேடி டாக்டர்தான். "அக்கா, இந்த வெள்ளை வரலேன்னா நான் மருந்தைத் தொடவே மாட்டேன். ஈரத்துல வைக்கிறதுக்கு வைக்காமலே விட்டுறலாம். அம்மாக்காரி வச்சாச்சுன்னு நம்பிக்கிட்டு வேற இருப்பா." சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள் அந்தப் பிள்ளை. நம்பிக்கிட்டு வேற இருப்பா. போதுமணி தட்டைக் கழுவப் போவது போலப் பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, தன் வலது கையை ரத்தம் கட்டுகிற அளவுக்குக் கடித்தாள். வலது கையைத்தான். அந்தக் கையில் அப்படி என்ன என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

நீல வெளிச்சம், இருபது எண்ணிக்கை, ஊசிக்கம்பியால் சுரண்டிப் பார்த்தான், அசையவில்லை. "சூப்பர்," என்றான் மகளிடம். அன்றைக்கும் சூப்பர் என்றான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சூப்பர், ஒரு பிரஷ், ஒரு போட்டோ. அந்தப் பள்ளிக்கூடப் பல் முகாம் நடந்து அஞ்சு வருஷம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பேனர் கட்டி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒரு ஆள் டார்ச் அடிக்க, இன்னொரு ஆள் பிள்ளைகளைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட, காலை பிரேயரில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் நூற்றி இருபது பிள்ளை. போதுமணி அப்போது அந்தப் பள்ளிக்கூட கேட்டில் தள்ளுவண்டியில் கொய்யாவும் மாங்காயும் விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் விட்டுப்போன வண்டி, ஒரு சக்கரம் கோணல். போலீஸ்காரனிடம் இடத்துக்குச் சண்டை, தோப்புக்காரனிடம் கூடைக்குச் சண்டை, பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் நிழலுக்குச் சண்டை, சண்டை போட்டே வாங்கிய நிழல் அது. அங்கேயிருந்து கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பு வரிசையில் அவள் மகள் லோகா நின்றது. லோகேஸ்வரி. ரிப்பன் ஒன்று அவிழ்ந்திருந்தது. உட்கார வைத்தார்கள், வாயைத் திற என்றார்கள், திறந்தது. உறிஞ்சுகிற குழாய் இல்லை, ஒன்றும் இல்லை. துண்டுப் பஞ்சால் ஒரு ஒற்று. ஜெல் வைத்து, துப்பு என்றான், டம்ளர் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னான், துடைத்தான். பிள்ளை எச்சிலைக் கூட்டி விழுங்கியது, வாயோரம் வழிந்தது, இவன் பார்த்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற அவளுக்கே தெரிந்தது, பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியாதா. பரவாயில்ல, என்றான். யாருக்கு எது பரவாயில்லை என்று அன்றைக்கு அவளுக்கு விளங்கவில்லை. நல்ல வார்த்தை என்றே நினைத்தாள். வேலை முடிந்து வண்டியில் ஏறப்போகையில் அவளிடம் ஒரு கொய்யா வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் கேட்டுத் தடவி வாங்கி, கடித்துக்கொண்டே சொன்னான், "உங்க பொண்ணா? இனி அந்தப் பல்லுல பூச்சியே வராதும்மா, ஆயுசுக்கும்." ஆயுசுக்கும். பெரிய பழமாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள் அந்த நாசமாய்ப் போறவனுக்கு. காசு கூட வாங்கவில்லை.

ரெண்டாவது பல் மேல் இடது, அவள் பக்கம். "மணியக்கா, கூசுது," என்றது பிள்ளை பஞ்சுக்கு நடுவிலிருந்து. "கூசத்தான் செய்யும் ஆத்தா, பேசாதே, பேசுனா நாக்கு ஓடியாந்திரும்," என்றாள். குரல் எப்படி இவ்வளவு இதமாக வருகிறது என்று அவளுக்கே எரிச்சல். ஆத்தா என்று சொல்ல என்ன கிடக்கிறது, இது யார் பெற்ற பிள்ளை, இதன் கன்னத்தை இப்படிப் பூ மாதிரி ஒதுக்கிப் பிடிக்க அவளுக்கு என்ன தலையெழுத்து. லோகாவும் ஒருநாள் பேசியது. "அம்மா, பல்லு விண்ணுவிண்ணுங்குதும்மா." கூடையில் காய் பிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் சொன்னது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றது. எந்தப் பல்லுடி என்றாள். கீழ, இந்தப் பக்கம் என்று காட்டியது. இடது கடைவாய். அடி, அதுலதான் டாக்டரு மருந்து வச்சு அடைச்சிருக்காரே, அதுல எப்பிடி வலிக்கும், பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறியா நீ? இல்லம்மா. இல்லையா? ஓங்கி ஒன்று. வலது கையால், அதே கன்னத்தில். வலித்த பல்லின் மேலேயே. பிள்ளை அழவில்லை. அழாமல் பையை எடுத்து மாட்டிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எட்டு நாள் ஒரு வார்த்தை பல்லைப் பற்றிப் பேசவில்லை, அடிக்குப் பயந்து, சோற்றை வலது பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கித் தின்றதை இவள் பார்த்தும் பார்க்காமல். ஒன்பதாம் நாள் விடிகாலை தாடைக்கடியில் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கி, காய்ச்சல் கொதித்து, வாயைத் திறடி என்றால் திறக்க முடியவில்லை. ஒரு விரல் நுழையவில்லை. திறடி தங்கம், திறடி, அம்மா அடிக்க மாட்டேன், திறடி. பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள். கழுத்தில் கத்தி வைத்துச் சீழை இறக்கி, வாய் திறந்த பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூச்சு அடைச்சிருக்கும்மா, என்றார் அந்த டாக்டர். பிடுங்கிய பல்லை ஒரு பஞ்சில் வைத்துக் கையில் கொடுத்தார்கள். அதன் தலையில் ஓரமாக, காய்ந்துபோன பசை மாதிரி, வெள்ளையாக ஒரு சில்லு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் கறுப்பாகக் குகை.

நீல வெளிச்சம், இருபது. "ரெண்டு முடிஞ்சுது, இன்னும் ரெண்டே ரெண்டு," என்றான் டாக்டர், வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பல் இப்போது எங்கே என்றால் இங்கேதான், போதுமணியின் யூனிபார்ம் பையில், ஒரு பிளாஸ்டிக் குங்கும டப்பாவுக்குள். நாலு வருஷமாக அந்த டப்பா அவளோடுதான் வேலைக்கு வருகிறது. முதல் நாள் இந்த ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது டப்பா கையில் இருந்தது. கண்ணாடிக் கதவை உடைத்து, இவன் சட்டையைப் பிடித்து, போடி பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் வந்தாள். உள்ளே நுழைந்து, எங்கடா அந்த டாக்டரு என்று வாயெடுத்ததும் இவனே வெளியே வந்து, "கூட்டித் துடைக்க வர்றேன்னு சொன்ன ஆளா? ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்றான். முகம் தெரியவில்லை அவனுக்கு. கொய்யா வாங்கித் தின்ற முகம், மிளகாய்ப்பொடி தூக்கலாகக் கேட்ட முகம், அதற்கு எதிரே ஒரு வருஷத்துக்கு முன் நின்ற இந்த முகம் அவனுக்குத் தெரியவே இல்லை. கதவை உடைத்தால் கதவு மாற்றுவான். கேள்வி கேட்டால் போலீஸைக் கூப்பிடுவான். அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டாள் போதுமணி. நாலு பெண்ணோடு போதும் என்று பெயர் வைத்து விட்டெறியப்பட்ட நாலாவது பெண், சந்தையில் பேரம் பேசிப் பேசி நாக்குத் தடித்தவள், இவ்வளவு மலிவாக விற்பாளா. "ஆமா டாக்டர், பஸ்ஸு லேட்டு," என்றாள். உள்ளே வந்தாள். கூட்டினாள், துடைத்தாள், தட்டுக் கழுவினாள், பார்த்தாள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள், எந்தக் கம்பி எதற்கு, எந்தப் பஞ்சு எங்கே. பேரம் பேசியே சேருக்குப் பக்கத்தில் நிற்கிற இடத்தையும் வாங்கினாள். உதவிக்கு இருந்த பெண் கல்யாணமாகிப் போனதும், புது ஆள் தேடாதீங்க, நான் நிக்கிறேன், ஒரு வாரம் பாருங்க, சரியில்லேன்னா விளக்குமாத்தைத் திரும்ப எடுத்துக்கிறேன் என்றாள். மூன்றாம் நாளே அவன் அசந்துவிட்டான். கோபக்காரி கைதான், ஆனால் வாய்க்குள் போனால் நடுங்காது. இத்தனையும் எதற்கு? ஒரு நாளைக்கு. என்றைக்காவது அவன் தன் பெண்ணை இந்தச் சேரில் கிடத்துவான், அன்றைக்கு. ஒரு சொட்டு. யார் கண்டுபிடிப்பார்கள்? ஆறு மாசத்தில் ஓரம் தூக்கும். அப்பன் நம்பிக்கொண்டு வேறு இருப்பான்.

மூன்றாவது கீழ் வலது, டாக்டர் பக்கம். கீழ்ப்பல்தான் சிரமம், எச்சில் பள்ளத்தில்தானே தேங்கும், இங்கே நாக்கு ஒரு பக்கம், கன்னம் ஒரு பக்கம். வாய்க்கண்ணாடியை நாக்குக்கு அணையாகக் கொடுத்துக் குழாயை ஒட்டிப் பிடித்தாள். பிள்ளை அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. மாஸ்க் போட்டவர்களின் கண்ணைப் பார்த்தே பிள்ளைகள் பயப்படுமா சிரிக்குமா என்று முடிவு செய்யும். என்னத்தடி பாக்குற. உனக்கென்ன, உன் அப்பன் உனக்கு நூற்றி இருபதில் ஒன்றாகவா செய்வான்? மிஷின் ஓடுது, லைட் எரியுது, ஞாயிற்றுக்கிழமை பார்த்து, கடையைச் சாத்திவிட்டு, ஆத்தாக்காரியைப் பக்கத்தில் உட்கார வைத்து. ஏழைப் பிள்ளைக்கு ஒரு ஒற்று, தன் பிள்ளைக்கு இது. அதுதான் அவளை எரித்தது, எச்சில் பட்டதைக்கூட விடு, கை தவறும், ஆனால் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றானே, அது அந்த வரிசைக்கு, அந்த அவிழ்ந்த ரிப்பனுக்கு, அந்தக் கோணல் வண்டிக்குச் சொன்ன பரவாயில்லை. இவ்வளவு போதும் இதுகளுக்கு. அந்த வார்த்தையை அவன் வாய்க்குள்ளேயே திருப்பி வைத்து அடைக்க வேண்டும், நீல வெளிச்சம் காட்டி இறுக்க வேண்டும். பல் வெளுத்தது, மருந்து விழுந்தது, இருபது. மூன்று முடிந்துவிட்டது. மூன்றும் கல் மாதிரி. மூன்றையும் அவளே அவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறாள், கை பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டு போகிறது, வஞ்சம் எல்லாம் மண்டையில்தான் இருக்கிறது, கைக்கு இறங்கமாட்டேன் என்கிறது. இறங்கு, என்றாள் கையிடம். இன்னும் ஒன்றுதான் மிச்சம். கீழ் இடது. அதே பல்.

கீழ் இடது அவளுடைய பக்கம், முழுக்க அவளுடைய ராஜ்யம். டாக்டர் அந்தப் பக்கத்திலிருந்து எட்டித்தான் பார்க்க வேண்டும். துலக்கினான், ஜெல் வைத்தான், கழுவினான். பஞ்சை மாற்றினாள், விடவில்லை. காற்றடித்தான், பல் வெளுத்தது, சுண்ணாம்பாக. அவன் மருந்துக் குழலைக் கையில் எடுக்கப் போகையில் காதில் செருகியிருந்த ப்ளூடூத் சிணுங்கியது. மணிக்கட்டால் அதைத் தட்டிவிட்டு, "சொல்லுங்க ஹெச்செம் சார்," என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். "வியாழக்கிழமைதானே, ஞாபகம் இருக்கு சார்... எத்தனை பிள்ளைங்க? நூத்தி நாப்பதா? அதுக்கென்ன, லஞ்சுக்குள்ள முடிச்சிரலாம்... மிஷினெல்லாம் தூக்கிட்டு வரலை சார், பஞ்சு இருந்தா போதும்..." பஞ்சு இருந்தால் போதும். நூற்றி நாற்பது அம்மாக்காரிகள் நம்பிக்கொண்டு வேறு இருப்பார்கள். நாக்கை அணைத்திருந்த கண்ணாடியைத் தளர்த்தினால் போதும், ஆனால் கை தளரவில்லை, நாலு வருஷப் பழக்கம் இரும்பாகி நின்றது. கை கேட்கவில்லை என்றால் வாய் இருக்கிறதே. கொய்யாக்காரி வாய். குனிந்தாள். பிள்ளையின் காதோரம், தாயைப் போல, மெதுவாக, "பாப்பா, கிளிமூக்கு மாங்கா தின்னுருக்கியா? பச்சையா, நறுக்குனு இருக்கும். நாலாக் கீறி, உப்பும் மொளகாப்பொடியும் வச்சு அமுக்கி..." என்றாள். சொல்லி முடிக்கவில்லை, பிள்ளையின் கண் விரிந்தது, தொண்டை ஏறி இறங்கியது, நாக்குக்கு அடியில் ரெண்டு ஊற்றும் ஒன்றாகத் திறந்துகொண்டன. பஞ்சு ஊறியது. வெளுத்த பல்லின் ஓரத்தில் ஒரு மினுக்கம் ஏறியது, சுண்ணாம்புச் சுவரில் மழை அடித்த மாதிரி, ஒரு மூலையிலிருந்து பாதிவரை. செய்துவிட்டாள். இவ்வளவுதான். நாலு வருஷம் சுமந்தது ஒரு மாங்காயில் முடிந்துவிட்டது. நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை, திக்கென்றது, ஓங்கின கை கன்னத்தில் பட்ட பிறகு வருகிற திக். பிள்ளை அழவில்லை. இதுவும் அழவில்லை. மாங்காயை நினைத்துச் சிரிக்கப் பார்த்தது.

டாக்டர் போனை முடித்துக்கொண்டு திரும்பினான். குனிந்து எட்டிப் பார்த்தான். விளக்கு நேராகப் பல்லில் விழுந்துகொண்டிருந்தது, மினுக்கம் குருடனுக்கும் தெரியும். இப்போது பார்த்துவிடுவான், தன் பிள்ளை ஆச்சே, துடித்துப்போய், மணி என்ன பண்ணிட்டீங்க, ஜெல்லை எடுங்க, என்று கத்துவான், அவள் மாட்டிக்கொள்வாள். மாட்டிக்கொண்டால் நல்லது என்றுகூட ஒரு மூலையில். அவன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். வாட்ச்சையும் பார்த்தான்.

"பரவாயில்ல," என்றான். "மருந்தைக் குடுங்க."

அதே வார்த்தை. அதே பல். பெற்ற மகளுக்கு. அப்படியானால் அந்த வரிசைக்கு என்று, அவிழ்ந்த ரிப்பனுக்கு என்று, கொய்யாக்காரிக்கு என்று அவன் அன்றைக்குத் தனியாக எதையும் சொல்லவில்லை. ஏழை என்று பார்த்து ஏமாற்றியிருந்தால்கூட அவளைப் பார்த்திருக்கிறான் என்று ஆகும். இவன் யாரையும் பார்க்கவில்லை. இவனுக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான், வாய், வாட்ச், அடுத்தது. இந்த வெளங்காதவன் மேலேயா நாலு வருஷம் இவ்வளவு பெரிய வஞ்சத்தை வளர்த்தாள், சோறு ஊட்டி, தண்ணி காட்டி? ஆத்திரம் போய்விடவில்லை. இன்னும் கூடியது. ஆனால் அது கிடந்த இடத்திலிருந்து எழுந்து வேறு பக்கம் முகத்தைத் திருப்பியது.

"ஈரம் பட்டிருச்சு டாக்டர்."

"பாத்தேன், லேசாதான். ஏர் அடிச்சா போயிரும்."

"போகாது. திரும்ப ஜெல் வைக்கணும்."

"மணி, மூணு நல்லா வந்திருக்குல்ல? பாப்பா களைச்சுப்போயிட்டா. குடுங்க."

மருந்துக் குழல் தட்டில் அவள் பக்கம் இருந்தது. அவள் கொடுக்கவில்லை. இடது கை கண்ணாடியால் நாக்கை அணைத்தபடியே இருக்க, உறிஞ்சுகிற குழாயைப் பிள்ளையின் உதட்டோரம் கொக்கியாக மாட்டிவிட்டு, வலது கையைப் பைக்குள் விட்டு டப்பாவை எடுத்தாள். கட்டை விரலால் மூடியை நெம்பி, பஞ்சோடு அதைத் தட்டின் ஓரத்தில் கவிழ்த்தாள். பல் உருண்டு ஊசிக்கம்பியில் மோதி நின்றது. அந்தக் கையை அதற்குமேல் வாய்ப்பக்கம் கொண்டுபோகவில்லை.

"என்ன இது?"

"பல்லு."

"தெரியுது. யாரோடது?"

"இப்ப நான் பிடிச்சிருக்கேனே, அதே பல்லு. கீழ, எடது. அந்தப் புள்ளைக்கும் ஏழு வயசுதான். ஓரத்துல வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க, அது நீங்க வச்ச மருந்து. பள்ளிக்கூடத் தாழ்வாரத்துல, பஞ்சு மட்டும் வச்சு. அன்னைக்கும் எச்சி பட்டுச்சு. அன்னைக்கும் பரவாயில்லன்னீங்க. எம் மக பதினோரு நாள் வாயைத் தொறக்காமக் கெடந்தா."

நாற்காலி நகர்கிற சத்தம். சுபத்ரா எழுந்து நின்றிருந்தாள். டாக்டர் அந்தப் பல்லைப் பார்த்தான். இந்த முகத்தை எத்தனை தடவை மனசுக்குள் பார்த்திருக்கிறாள், வெளிறிப் போவதாக, கையெடுத்துக் கும்பிடுவதாக. அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான், சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறவன் மாதிரி. எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருஷம். கிடைக்கவில்லை அவனுக்கு.

"நீங்க அதுக்கா இங்க வேலைக்கு..."

"அதுக்குத்தான். இப்ப எச்சி எப்பிடி வந்துச்சுன்னு கேளுங்க. நாந்தான் மாங்கான்னு சொல்லி ஊற வச்சேன். வேணும்னே."

"மணியக்கா!" என்றாள் சுபத்ரா. கைப்பை கீழே விழுந்து சீப்பு சிதறியது.

"கையை எடு," என்றான் டாக்டர். இதுவரை கேட்டிராத குரல். "வெளிய போ. இந்த நிமிஷம்."

"போறேன். எடுத்தா நாக்கு வந்து பல்லு முழுக்க நனைஞ்சிரும், அப்புறம் மொதல்லேருந்து எல்லாம். நான் கெடுத்தேன், ஒத்துக்கிறேன். சுபத்ராம்மா, அவரு பாத்தாரு. பாத்துட்டுத்தான் பரவாயில்லன்னாரு. நீங்களே சொல்லுங்க, எடுக்கவா?"

சுபத்ரா சேருக்கு அருகில் வந்தாள். முதலில் மகளின் வாயைப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த பல்லை. அதன் கறுப்புக் குகையை வெகுநேரம். பிறகு புருஷனை.

"எடுக்காதீங்க," என்றாள் போதுமணியிடம். அவனிடம், "திரும்பப் பண்ணுங்க," என்றாள்.

அவன் ஜெல்லை எடுத்தான். "இன்னொண்ணு," என்றாள் போதுமணி. "வியாழக்கெழமை மிஷின் வண்டியில ஏறணும். நானும் வருவேன். நாப்பது புள்ளைக. அதுக்கு மேல ஒண்ணு கெடையாது."

"நூத்தி நாப்பதுன்னு வாக்குக் குடுத்தாச்சு."

"நாப்பது."

"பிள்ளை வாயைத் திறந்துட்டுக் கிடக்கு, இப்ப பேரம் பேசுற நேரமா? எழுபது."

"நாப்பது. நாலு நாளைக்குப் போவோம்."

"அம்பது. கொய்யாப்பழமா விக்கிற நீ?"

"பழமா இருந்தா அம்பதுக்கு ஒத்துக்கிருவேன்."

சுபத்ரா கையைக் கட்டிக்கொண்டு புருஷனையே பார்த்தாள். பிள்ளை ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குக் கண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தது. "சரி," என்றான் அவன், யாரையும் பார்க்காமல்.

"ஆத்தா, சுபத்ராம்மா, அலமாரி மேல பெரிய டப்பாவுல புதுப் பஞ்சு இருக்கு, இடுக்கியால எடுத்து டாக்டர் கையில குடுங்க. நான் தொடமாட்டேன், இந்தக் கை சுத்தமில்ல."

ஜெல் விழுந்தது. அவள் சத்தமாக எண்ணினாள், ஒன்று, ரெண்டு, இருபதுவரை, அவன் அவசரப்பட்டுத் தண்ணீரைத் தொடப்போனபோது பதினாறிலேயே நின்று முறைத்துவிட்டு மேலே எண்ணினாள். கழுவினான். குழாய் இரைந்தது. பஞ்சு போய்ப் பஞ்சு வந்தது, கண்ணாடி அசையவில்லை, நாக்கு பொந்துக்குள்ளேயே கிடந்தது. காற்றடித்தான். பல் வெளுத்துக்கொண்டே வந்தது, மூலையிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, கடைசி மினுக்கமும் செத்தது.

மருந்துக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அவளைப் பார்த்தான். வைக்கவா என்று கேட்கிற பார்வை. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவன் கண் அவள் முகத்தில் வந்து நின்றது.

"காயட்டும்," என்றாள் போதுமணி.

பல் எப்போதோ காய்ந்துவிட்டது. அது அவனுக்கும் தெரிந்தது. காற்றை நிறுத்தாமல் அடித்துக்கொண்டு நின்றான். அவள் மனசுக்குள் எண்ணினாள், பெரியாஸ்பத்திரியின் பதினோரு நாளுக்குப் பதினொன்று, நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு விடிகாலை, ஒரு டம்ளர் கஞ்சி, திறக்காத ஒரு வாய். பதினொன்று முடிந்ததும் இன்னொன்று எண்ணினாள். அது அவளுடைய வலது கைக்கு.

"இப்ப வைங்க," என்றாள்.